ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை

இல்ல மேடம், அவ பொய் சொல்றான்னு நான் குறை சொல்லவே இல்லையே. பொய்தான், அது வேற விஷயம். ஆனா சொல்லிக்குடுத்த பொய். பிள்ளைங்க சொன்ன பேச்சு கேக்கறதில்லன்னு உலகமே புலம்புது. எனக்கு வாய்ச்சவ ஒருத்தி வார்த்தை பிசகாம கேக்கறா, அதுக்காக நான் உங்க படகுத்துறை ஆபீஸ்ல வந்து கையைக் கட்டிட்டு நிக்கறேன். உக்காரலாமா? ரொம்ப நன்றிங்க. ஓடி வந்ததுல முட்டி ரெண்டும் கழண்டு போச்சு.

ஆமா, நான்தான் அப்பா. அந்த உள் ரூம் பெஞ்சுல, கால் தரைக்கு எட்டாம உக்காந்து, உங்க பெருக்கற அம்மா குடுத்த பிஸ்கட்டை ஓரத்துல சுத்திச் சுத்திக் கடிச்சிட்டிருக்கால்ல, அவளுக்கு.

கேளுங்க, தாராளமா இன்னொரு தடவை கேளுங்க. என்ன சொல்றா? தெரியாதாம். இவரு யாருன்னே தெரியாதாம், அம்மா பின்னாடி வர்றாங்களாம். பாத்தீங்களா, குரல் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. வீட்ல அவளை வக்கீல்னுதான் கூப்பிடுவோம். நான் வெச்ச பேரு. எனக்கே எதிர்த்தரப்புல ஆஜராவான்னு அப்ப தோணல.

நீங்க சந்தேகப்படறதுல ஒரு தப்பும் இல்ல. எவனோ ஒருத்தன் மூச்சு வாங்க ஓடி வந்து என் பொண்ணைக் குடுங்கன்னா தூக்கிக் குடுத்துட முடியுமா? அப்படிக் குடுத்தீங்கன்னா உங்க மேல நானே புகார் எழுதுவேன். நான் லைப்ரரியில வேலை பாக்கறவன். கார்டு இல்லாம ஒரு புஸ்தகத்தை வாசல் தாண்ட விட்டதில்ல. அதுல ஒரு பெருமை வேற.

போனா? போன் என் சம்சாரத்துகிட்ட இருக்கு. இல்லைங்க, எனக்குன்னு தனியா கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதும்ங்கறது என்னோட கொள்கை. சிரிக்காதீங்க. இப்ப அந்தப் போன் அம்மா, அண்ணன், தம்பி எல்லாரோடயும் சேந்து போட்டுல போயிட்டிருக்கு. நீங்க அடிச்சுப் பாத்தீங்கல்ல, நடுத்தண்ணியில சிக்னல் எடுக்காது. கரை ஏறினதும் எடுப்பா. எடுத்த கையோட அடுத்த போட்டுல திரும்பி வருவா. வந்து என்னை என்ன செய்வாங்கறதை இப்ப யோசிக்க வேணாம்.

போட்டோ இருக்கு, பர்ஸ்லயே இருக்கு. இருங்க. இந்தாங்க. அது... இல்ல, இது மூத்தவன். மொட்டை அடிச்சிருக்கு, அதான் எனக்கே சட்டுனு அடையாளம் தெரியல. இவ போட்டோ இல்ல. மூத்தவனுக்கு ஆல்பமே போட்டோம், முதல் பிள்ளை பாருங்க. கடைக்குட்டி பொறந்தப்ப போன் வந்துடுச்சு, தும்மினாக்கூட எடுத்து வெச்சிருக்கோம். இவ நடுவுல பொறந்தவ. கேமரா ரிப்பேரா இருந்த காலம். ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்னு வெச்சேன், அப்புறம் வாங்கல.

அடையாளம் சொல்றேன், எழுதிக்குங்க. நீலச் சட்டை, ரெண்டாவது பட்டன் மட்டும் பழுப்பு. நான் தெச்சது. வெளிய இருந்து பாத்தாலே தெரியுமா? சரி. காலர்ல உள்பக்கம் ஒரு பேர் மையில எழுதியிருக்கும், பாதி அழிஞ்சிருக்கும். அண்ணன் பேரு அது. சட்டையும் அவனோடதுதான். இவளுக்கு எல்லாமே அவனுக்குச் சின்னதாப் போனதுதான். சட்டை, செருப்பு, ஸ்கூல் பை. தம்பிக்கு மட்டும் ஏன் புதுசுன்னு போன மாசம் கேட்டா. ரெண்டு கை மாறினதும் துணி நைஞ்சு போயிடுதும்மா, அவனுக்கு வாங்கித்தானே ஆகணும்னு விளக்கினேன். நியாயம்தானே? ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, அப்ப நான் மூணாவதாப் பொறந்திருக்கலாம்லன்னு கேட்டா. பாயிண்டுதான்.

கஞ்சன்னு நெனைக்கறீங்க. பரவால்ல, வீட்லயும் அதேதான் சொல்றாங்க. பற்பசை டியூபைக் கத்திரியால வெட்டி உள்ள இருக்கறதை வழிச்சு எடுப்பேன். படிக்கறதுக்கு எல்லாரும் ஒரே லைட்டுக்குக் கீழ. கடைக்குட்டி குளிச்ச சோப்புத் தண்ணியில மூத்தவனோட சாக்ஸ் ஊறும். ஒருத்தன் சம்பளம், அஞ்சு வயிறு, வாடகை. ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம், இதையெல்லாம் நான் அழுதுட்டே செய்யல. ரசிச்சுத்தான் செஞ்சேன். சிலருக்குச் சீட்டாட்டம், எனக்கு இது.

அதுலதான் வந்தது இந்த வினை. உங்க கவுண்டருக்கு மேல ஒரு போர்டு இருக்கே, நுழையற கேட்டுத் தூண்ல போட்ட கோட்டுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு இலவசம், ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை மட்டும்னு. நாங்க பெரியவங்க ரெண்டு பேர். குழந்தைங்க மூணு. மூத்தவன் தலை இன்னும் ஒரு விரல் கீழதான் இருக்கு. அப்ப ஒண்ணு மிஞ்சுதுல்ல? மிஞ்சற பிள்ளைக்கு அரை டிக்கெட். அக்கரையில என் சம்சாரத்தோட அக்கா வீடு. லீவு விட்டாப் போதும், மூணும் பெரியம்மா பெரியம்மான்னு உயிரை எடுக்கும். போக ஒரு அரை, வர ஒரு அரை.

முதல் தடவை கேட்டுல நிக்கும்போது பாத்தேன். எங்களுக்கு முன்னாடி ஒரு ஆளு தனியா, கையை வீசிட்டுப் போறாரு. அவருக்கும் ஒரு குழந்தை இலவசம்தானே? அந்த உரிமையை அவரு வீணாக்கறாரு. ஒரு வண்டி காலியாப் போற மாதிரி. எனக்குப் பொறுக்கல.

அவ்வளவுதான் ஐடியா. பிள்ளை இல்லாமத் தனியாப் போறவங்க யாராவது ஒருத்தர் பக்கத்துல, அரை அடி பின்னால, சாதாரணமா நடந்து போகணும். கையைப் பிடிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, எங்களைத் திரும்பிப் பாக்கக் கூடாது. யாராவது கேட்டா அம்மா பின்னாடி வர்றாங்கன்னு சொல்லிட்டு நடந்துட்டே இருக்கணும். அவங்களைத் தெரியுமா இவங்களைத் தெரியுமான்னு கைகாட்டிக் கேட்டா, தெரியாது. போட்டுக்குள்ள வந்ததும் ஆட்டம் முடிஞ்சுது, அப்பா மடி.

ஏன் இவன்னு கேக்கறீங்க. மூத்தவனுக்குப் பொய் சொன்னா காது சிவந்துடும். கடைக்குட்டி அப்பான்னு கத்திருவான். இவதான் சரியா வந்தா. பயிற்சி குடுத்தேன் மேடம், வெக்கமாத்தான் இருக்கு சொல்றதுக்கு. வீட்டு ஹால்ல. கதவுதான் கேட்டு, நான் செக்கர், அவங்க அம்மா பயணி. யாரு கூடம்மா வந்தே, உங்க அப்பா பேர் என்னன்னு மிரட்டுவேன். கண்ணு சிமிட்டாம நிப்பா. நல்லா செஞ்சா தூக்கித் தட்டாமாலை சுத்துவேன். மத்த ரெண்டும் என்னையும் என்னையும்னு நிக்கும். இது வக்கீலுக்கு மட்டும்னு சொல்லுவேன். அவளுக்கு மட்டும்னு அந்த வீட்ல இருந்தது அது ஒண்ணுதான்னு நெனைக்கறேன்.

சம்சாரத்துக்குத் தெரியும். பிடிக்காது. என்னைக்காவது ஒருநாள் மாட்டுவீங்கன்னு சொல்லுவா, சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவா.

இன்னைக்கா? இன்னைக்குக் கூட்டம் பாத்தீங்கல்ல. அவ கடைக்குட்டியைத் தூக்கிட்டு முன்னாடியே உள்ள போயிட்டா. மூத்தவனும் நானும் அடுத்து. அவன் தன் கோட்டு அளவைக் காட்டிட்டு அம்மாகிட்ட ஓடிட்டான். நான் டிக்கெட்டை நீட்டிட்டு நிக்கறேன். வக்கீல் எனக்கு முன்னால, பெரிய பையோட ஒரு அம்மா போனாங்க, அவங்க நிழல்ல போயிட்டிருந்தா. பலகை ஈரம். வழுக்கி விழுந்துட்டா. முட்டியில தோல் போயிடுச்சு. உள்ள பாருங்க, இடது முட்டி, உங்காளுங்க மருந்து போட்டிருப்பாங்க. அழுதா. அழத்தான் செய்வா, சின்னப் பிள்ளை. அந்தம்மா இது என் குழந்தை இல்லையேன்னுட்டு நடந்துட்டாங்க. செக்கர் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரே குழப்பம், சங்கு ஊதிட்டான், பின்னால தள்றான், நான் உள்ள போயிட்டேன். எப்பவும் போல இவ நழுவி ஓடி வந்துடுவான்னு நெனைச்சேன். திரும்பிப் பாத்தா கேட்டைச் சாத்தறாங்க. போட்டு நகருது. கடைசிப் பலகையில இருந்து குதிச்சேன். குதிக்கறப்ப என் சம்சாரம் என்னைக் கூப்பிட்ட வார்த்தை, கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக் கேக்கறேன்.

இல்ல, அந்தச் செக்கர் இங்க இல்ல. அவரு அதே போட்டுல ஏறிட்டாராம். குழந்தையைப் பெருக்கற அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு. ஆமா, திரும்பற போட்டுல வருவாரு. என் சம்சாரமும் அவரும் ஒண்ணாத்தான் வருவாங்க.

ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லலையான்னு கேக்கறீங்க. சொன்னேன் மேடம். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே, அந்த பெஞ்சுக்கிட்ட மண்டி போட்டு உக்காந்து, வக்கீல், ஆட்டம் முடிஞ்சுதும்மா, வா அப்பாகிட்டன்னேன். சரிங்க அங்கிள்னா.

கேலியா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். உதட்டோரம் ஒண்ணு துடிக்கும் அவளுக்கு. துடிக்கல. மரியாதையாத்தான் சொன்னா.

அவசரம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க சொல்றது சரிதான், அம்மா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்குவா, நீங்களும் கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவீங்க. அதுதான் எனக்கு பயமா இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளா என்னை அப்பான்னு கூப்பிட்டுட்டா நல்லாருக்கும். அம்மா சொல்லி, நீங்க சொல்லி இல்ல.

செக்கர் வந்தா எப்படியும் சொல்லப்போறாரு, அதை நானே சொல்லிடறேன். அவளை இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரும்பினாருல்ல, அடுத்து நின்னது நான்தான். உங்க குழந்தையாங்கன்னு என்னைத்தான் கேட்டாரு. இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல மேடம். அவளுக்குத்தான் பயிற்சி குடுத்தேன், எனக்கு யாரு குடுத்தா? அரை டிக்கெட் காசு பைக்குள்ளதான் இருந்தது. பின்னால அத்தனை பேர் பாத்துட்டு நிக்கறாங்க, இப்ப ஆமான்னா திருடன்னு தெரிஞ்சுடும். இல்லைங்கன்னேன்.

அதோட விட்டிருக்கலாம். எனக்குத்தான் எதையும் முழுசா செய்யணுமே. யாரு பெத்த பிள்ளையோ, இந்தக் கூட்டத்துல இப்படியா கவனிக்காம விடுவாங்க, இவங்களுக்கெல்லாம் எதுக்குங்க குழந்தைன்னேன். செக்கர் தலையாட்டினாரு. பின்னால ஒருத்தர் ஆமாங்க ஆமாங்கன்னாரு. நான் சொல்லச் சொல்ல அவ அழுகையை நிறுத்திட்டா. இந்த மாமாவைத் தெரியுமாம்மான்னு அவரு கேட்டதுக்கு, தெரியாதுன்னு சொல்லிட்டு, அண்ணன் சட்டைக் கையில மூக்கைத் துடைச்சுக்கிட்டா.

டிக்கெட்டா? ஐயோ, அதெல்லாம் சரியா இருக்கு. குதிச்சு ஓடி வந்ததும் நேரா கவுண்டருக்குத்தான் போனேன். க்யூல நின்னு வாங்கினேன். இந்தாங்க, அரை டிக்கெட், பாத்துக்குங்க. உள்ள போனதும் அவ கையிலயும் குடுத்தேன். வாங்கிப் பாத்தா. திருப்பிப் பாத்தா. இது யாருக்குங்க அங்கிள்னு கேட்டுட்டு, திருப்பி எங்கிட்டயே குடுத்துட்டா.