தன்னம்பிக்கைக்கு ஐந்து

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு கல்லூரி மாணவிகள். சன்னலோரம் இருந்தவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"தொழில்முனைவர் வகுப்பால தன்னம்பிக்கை எவ்வளவு கூடுச்சுன்னு ஃபார்ம்ல கேட்டாங்க. அஞ்சுக்கு ரெண்டு போட்டேன். லெக்சரர் கூப்பிட்டு அஞ்சாக்கச் சொல்றாரு."

"நாங்க எல்லாரும் அஞ்சுதான் போட்டோம்லா."

"கல்லூரி ஸ்டால்ல நான் பொரிச்ச கறிபாப்ப வாங்கித் தின்னது யாரு? எங்கம்மா, சித்தி, நீ. தெரியாத ஒரு ஆளுக்கு வித்தேனா?"

"மாத்தலைன்னா?"

"மார்க்கு தரமாட்டாராம். முடியாது சார்னு நேராவே சொல்லிட்டு வந்துட்டேன்."

"நீயா? வகுப்புல வாயே திறக்கமாட்டியே."

"கோவம்லா."

"அப்ப ஒரு மூணாச்சும் போடலாம்டி."

"எதுக்கு? இது அவரு சொல்லிக்கொடுத்தது இல்ல. ரெண்டுதான்."