இடப்பக்கத்து எடை

அதிகாலை மூன்று ஐம்பது. கோன்செய் கணவாய்ச் சாலை. அக்டோபர் கடைசி... தரையில் முதல் உறைபனி விழுந்திருக்கிறது. ஏறுவதற்கும் ஆளில்லை, இறங்குவதற்கும் ஆளில்லை. ஒரே ஒரு சிவப்பு வண்டி மட்டும், நடை பழகும் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதுபோல, மெதுவாக வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருக்கிறது.

ஓட்டுகிறவர் ஹொசோகாய். நம் ஒர்க்‌ஷாப் முதலாளி கனாய் இருக்கிறானே, அவன் மனைவி சாயோவின் அண்ணன். வயது ஐம்பத்து நான்கு... ஸ்டவ் பக்கம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது நன்றாகச் சாத்துங்கள். கனாய் இருந்தால் இதைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அவன் ஊரில் இல்லை, அதனால் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

ஹொசோகாய்க்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய் மூன்று வருடம். கொன்யாக்குக் கிழங்குத் தொழிற்சாலையில் மாவு அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆளுடன்கூடப் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் நாலு சுவர். ஒரு நாள் முழுக்கத் தன் வாயிலிருந்து வருகிற ஒரே பேச்சு, கடையில் "பை வேணாம்" என்பதுதான் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவன். ஒரு நாள்கூட அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே துணை அந்த வண்டி. ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் கார், முதல் மாடல், எண்பத்திரண்டில் செய்தது. ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தார். இஞ்சின் இறுகிப்போய்ப் பாறையாகக் கிடந்தது. நாலு வருடம் துருவைச் சுரண்டினார், தகரத்தை வெட்டி ஒட்டினார், சிவப்புச் சாயம் அடித்தார். எடையைக் குறைக்க என்னென்ன கழற்றலாமோ எல்லாவற்றையும் கழற்றினார்.

"மச்சான், இடப்பக்க சீட்டு எங்க?" என்று கனாய் கேட்டான்.

"கழட்டிட்டேன் மாப்ளே. பன்னெண்டு கிலோ மிச்சம்."

"நாளைக்கு யாராச்சும் கூட வந்தா?"

"யாரு வர்றா? நீ வர்றியா? உனக்கு என் வண்டில ஏறுனாலே குமட்டுமே."

பதிவுத் தாளிலும் 'ஆள் எண்ணிக்கை: ஒன்று' என்று மாற்றி வாங்கிவிட்டார். விளையாட்டாகச் செய்தது இல்லை அது. மனதில் முடிவு கட்டித்தான் செய்தார்.

தவறு நடந்தது வண்டிப் பூசையில். கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோனால் பூசாரி என்ன சொல்வார்? கதவு இரண்டையும் திற, டிக்கியைத் திற, பானட்டைத் திற. ஒவ்வொன்றின் உள்ளேயும் காகிதக் கொத்துக் கட்டிய கோலை வீசித் தீட்டு கழிப்பார். நாம் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் இவர் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோன அன்றைக்கு உள்ளே இஞ்சினே இல்லை.

"அண்ணே, இஞ்சின் வரட்டும்ணே. வயிறே இல்லாத வண்டிக்கு என்ன பூசை?" என்றாள் சாயோ.

"அடுத்த நல்ல நாளுக்கு எனக்கு லீவு இல்ல சாயோ. சாமிக்குத் தெரியாதா என்ன?"

பூசாரி கோலை வீசினார். வெறும் பள்ளத்துக்கு.

அதற்கு மூன்று வாரம் கழித்து இஞ்சின் வந்தது. இபராகி பக்கம் ஒரு காயலான் கடையில், பழையதைவிடப் பெரிய ரோட்டரி இஞ்சின் ஒன்று கிடைத்தது. அது இருந்த வண்டியைக் கனாய் போய்ப் பார்த்தான். வலப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. இடப்பக்கம்... இடப்பக்கமே இல்லை. "உள்ள யாராச்சும்...?" என்று கேட்டான். கடைக்காரர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். "இஞ்சின் நல்லாருக்கு," என்றார்.

ரோட்டரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்டன் கிடையாது, உள்ளே முக்கோணம் ஒன்று சுழலும், அதன் மூன்று முனையிலும் கத்தி போல மெல்லிய சீல். புது சீல் போட்டால் இஞ்சினைப் பழக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர், நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டாமல். பொறுமை உள்ளவன் செய்கிற வேலை. ஹொசோகாய் தினமும் வேலைக்கு முன்னால், சாலை காலியாக இருக்கும்போது, கணவாய் வரை போய்த் திரும்புவார். அறுபது கிலோமீட்டர்.

மூன்றாம் நாள்... ஆரஞ்சுத் தோல் உரிக்கிற வாசனை வந்தது.

வண்டியை நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வெறும் தகரத் தரை. மறுபடி கிளம்பினார். வலது வளைவு ஒன்று வந்தது. இடப்பக்கத்தில் துணி உரசுகிற சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு... சின்னதாக, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் விடுவார்களே, அந்த மாதிரி.

நீங்களோ நானோ என்றால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்போம். ஹொசோகாய் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வளைவு வரை ஓட்டினார். பிறகு, "குளிருதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இடப்பக்கத்து வெப்பக்காற்றுத் துளையைத் திறந்துவிட்டார்.

அதிலிருந்து மனிதர் மாறிப்போனார். எதிரே வந்தால் தானாக வணக்கம் சொன்னார். இரண்டு காப்பி டப்பா வாங்கினார், இரண்டு சோற்று உருண்டை வாங்கினார். மச்சானுக்கு யாரோ கிடைத்துவிட்டார்கள் என்று கனாய் கேலி செய்தான். அவர் முகம் சிவந்தது. அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு நாள் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று கொண்டுவந்தார். சஸ்பென்ஷனைச் சரிசெய்ய நாலு சக்கரத்துக்கும் அடியில் எடைத் தட்டு வைத்தான் கனாய். நான் பக்கத்தில் நின்றேன். காலி வண்டி, எடை சரி. ஹொசோகாயை ஏறி உட்காரச் சொன்னோம். அவர் எடை அறுபத்தெட்டு. கூடின எடை தொண்ணூற்றாறு. உபரி இருபத்தெட்டும் இடப்பக்கத்தில்.

தட்டுகளை மாற்றி வைத்தோம். அதே தொண்ணூற்றாறு. கனாய் ஏறி உட்கார்ந்தான். அவன் எடை மட்டும்தான் காட்டியது. ஹொசோகாய் ஏறினால்தான்... கூட இன்னொன்றும் ஏறியது.

"தட்டு கெட்டுப்போச்சு மச்சான்," என்றான் கனாய். அவன் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"கெட்டெல்லாம் போகல மாப்ளே," என்றார் ஹொசோகாய். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனிமேல்தான் கேளுங்கள். மீட்டரில் தொள்ளாயிரத்து எழுபது. இன்னும் ஒரு நாள் ஓட்டினால் பழக்குவது முடிந்தது. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, அமுக்கம் குறைவாகத் தெரிகிறது, இஞ்சினைப் பிரித்துப் புது சீல் போடு என்றார். கனாய் பிரித்தான். உள்ளே எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"மச்சான், இது அப்படியே புதுசா இருக்கு. எதுக்கு மாத்தணும்?"

"மாத்துடா."

மாற்றினான். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. புது சீல் போட்டால் மறுபடி பூச்சியத்திலிருந்து பழக்க வேண்டும். மறுபடி ஆயிரம் கிலோமீட்டர். ஆள் இல்லாத சாலையில், மெதுவாக, தினமும் விடியும் முன்னால்... அந்த ஆயிரம் முடிந்துவிடக் கூடாது என்றுதான் நல்ல இஞ்சினைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். முடிந்தபின் சுற்றைக் கூட்டினால் அந்தத் துணை போய்விடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, தெரியாது.

அன்றைக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சட்டைக் கழுத்து தொளதொள என்று ஆடியது. கனாய் அவரைத் தனியாக எடை மேடையில் நிற்க வைத்தான். அறுபது. பிறகு வண்டியில் உட்கார வைத்தான். கூடின எடை அதே தொண்ணூற்றாறு.

கணக்கு உங்களுக்கே புரியும். இவர் எட்டுக் கிலோ குறைந்திருந்தார். இடப்பக்கம் எட்டுக் கிலோ கூடியிருந்தது.

டிசம்பர் நடுவில் மூன்றாவது தடவை பார்த்தோம். இவர் நாற்பத்தெட்டு. இடப்பக்கம் நாற்பத்தெட்டு. சரிபாதி.

சாயோ அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பானட்டைத் திறந்து வெச்சு மறுபடி பூசை பண்ணிடலாம்ணே. இல்லேன்னா நீ இருக்க மாட்டே."

"நான் இத்தன வருசமா இருந்தேனே சாயோ," என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார். "இருந்து யாரு பாத்தீங்க?"

அவள் அவர் காலை விடவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, என்மேல் அதைவிட அதிகம் வந்தது.

கனாய் விடவில்லை. "மச்சான், ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்கே வந்துடுங்க. மாடியில ரூம் சும்மாத்தான் கெடக்கு. பூசை முடிஞ்ச கையோட வாங்க. தெனம் எங்ககூடச் சாப்பிடுங்க, எங்ககூடச் சண்ட போடுங்க."

"இத ரெண்டு வருசம் முன்னாடி கேட்டிருக்கலாம் மாப்ளே," என்றார். பிறகு, "சரி, வர்றேன்," என்றார்.

டிசம்பர் கடைசி ஞாயிறு. மதியம் ஒரு மணிக்குப் பூசை. அன்றைக்குத்தான் கணவாய்ச் சாலையைக் குளிர்காலத்துக்காக மூடுகிறார்கள். பன்னிரண்டு அடித்தால் இரண்டு முனையிலும் கேட் பூட்டப்படும், ஏப்ரல் வரை திறக்காது. கனாயும் சாயோவும் பூசாரியும் கோயில் வாசலில் நின்றார்கள். ஒரு மணி... இரண்டு மணி... பனி விழ ஆரம்பித்தது. சிவப்பு வண்டி வரவில்லை.

சாயங்காலம் மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் போய் விசாரித்தார்கள். பங்க்காரருக்கு ஹொசோகாயை இரண்டு மாதமாகத் தெரியும்.

"வந்தாங்களே, பதினொன்றரை இருக்கும். ஃபுல் டேங்க் போட்டாங்க, ஆயிலும் பாத்தாங்க. அந்தம்மாதான் இறங்கி வந்தாங்க."

"எந்தம்மா?" என்றாள் சாயோ.

"வண்டி ஓட்டுனாங்களே, அவங்க. நல்ல ஒடம்பு. அவருதான் ரொம்ப இளைச்சுட்டாரு. இடப்பக்கத்துல கீழயே உக்காந்திருந்தாரு, கண்ணாடிக்கு மேல தலை மட்டும் தெரிஞ்சுது. மொதல்ல ஏதோ சின்னப் பையன்னு நெனச்சேன்."

"பயந்த மாதிரி இருந்தாரா?"

"அய்யோ, இல்லம்மா. வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தாரு. அவரு அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல."

இந்தப் பக்கத்துக் கேட்காரர் வண்டி உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் கேட்காரர் அது வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. கேட்டைப் பூட்டியபின் ரோந்து வண்டி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போய்ப் பார்த்தது. ஒன்றும் இல்லை. போலீஸ் வந்தது, பள்ளங்களில் தேடியது. அதற்குள் பனி இடுப்பளவு ஆகிவிட்டது. குளிர்காலம் முழுக்கச் சாயோ மாடி அறையில் மெத்தை விரித்தே வைத்திருந்தாள்.

ஏப்ரலில் சாலையைத் திறக்கப் பனி வெட்டும் வண்டி மேலே போனது. அதில் என் பெரியம்மா மகன் இருந்தான். அவன் சொன்னதுதான் இது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மூன்று ஆள் உயரப் பனி. வெட்டிக்கொண்டு போகிறபோது, நடுச் சாலையில், பனிக்கு உள்ளே... கத்தி வெறும் காற்றில் இறங்கியது.

உள்ளே ஒரு குகை. நீண்டு, தாழ்ந்து, முன்பக்கம் சரிந்து... ஒரு கார் நின்ற உருவம். கார் இல்லை. உள்ளே போக வழியில்லை, வெளியே வர வழியில்லை, சுற்றிலும் இறுகின பனி. கீழே தார் ரோடு காய்ந்து கிடந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்திருக்கிறான். வெதுவெதுப்பாக இருந்ததாம். எரிந்த ஆயில் வாசனை மூக்கில் ஏறியதாம்.

டார்ச் அடித்துப் பார்த்தான். இரண்டு பக்கப் பனிச் சுவரிலும், ஜன்னல் உயரத்தில், உள்ளிருந்து மூச்சு பட்டு உருகின மாதிரி ஒவ்வொரு குழி. வலப்பக்கத்துக் குழி சாப்பாட்டுத் தட்டு அகலம்.

இடப்பக்கத்தில் இருந்தது ஒரு காசு அளவுதான். ஆனால் அது அப்போதும் சொட்டிக்கொண்டிருந்ததாம்.