அக்கா நேர்ந்த நடை

எழுபதுகளில் ஒரு நாள். பாலவனத்தத்தில் நான் ஏறிய பஸ் அருப்புக்கோட்டையை நெருங்கியது. முருகன் கோயிலுக்கு ஒரு ஸ்டாப் முன்பே, முன்சீட்டு அம்மாள் எழுந்து பக்கத்திலிருந்த தன் தம்பியை உலுக்கினார்.

"எறங்குடா! என் கிட்னி உக்காந்தே வருது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்காவின் கிட்னியைத் தம்பிக்கு வைத்திருக்கிறார்களாம்.

"தெனமும் தறி மிதிக்கேனேக்கா, அது பத்தாதா?"

"அது சேலைக்கு. இருதயத்துக்கு நடக்கணும்னாரு கிட்னி வச்ச டாக்டரு. அவரு பேச்சத் தட்டிட்ட. அதான், வாராவாரம் நீ நடந்து வருவேன்னு முருகன்கிட்ட நேந்துட்டேன். இப்பத் தட்டு பாப்போம்!"

"நேந்தது நீயி, நடக்குறது நானா? எம்புட்டு நாளைக்கு?"

"என் கிட்னி உனக்குள்ள இருக்குற மட்டும்."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

முருகா, அந்த நேர்த்திக்கடன் மட்டும் தீரவே வேண்டாமப்பா.