இருபது நிமிடத் தூரம்

எனக்குக் காத்திருந்து பழக்கம், ஐயா. நீங்கள் தேநீரை முடித்துவிட்டே கேளுங்கள்.

என் வேலையே அப்படிப்பட்டதுதான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அந்த அழைப்பு எனக்கு வரும். ஆள் போய்த் திறக்கும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். "பதறாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க, நான் லைன்லதான் இருக்கேன்." இவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் என் குரலைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் கொட்டுவார்கள். கதவு திறந்ததும் ஒருவர்கூட "வரேன்" என்று சொன்னது கிடையாது. லைன் கட்டாகிவிடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. திறந்த கதவைப் பார்த்தால் யாருக்கும் கால் நிற்காது.

வீட்டில் எனக்கு யாரும் இல்லை. பிரிட்ஜ் மட்டும் அவ்வப்போது முனகும். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேசும் எங்கள் கூட்டம் என் வீட்டிலேயே நடக்கட்டும் என்று நானாகச் சொன்னது அதனால்தான். நாங்கள் நாலு பேர்: தையல்காரர், பேக்கரிக்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அண்ணன், நான். ராக்கெட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனால், செவ்வாய்ப் பயணம் பற்றி முக்கியமான அறிவிப்பு வரப்போகிறது என்று விண்வெளி மையம் ஒற்றை வரி வெளியிட்டதிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது.

ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். தையல்காரர் அதிகாரிகளின் படத்தைப் பெரிதாக்கி, சட்டையில் இருந்த புது முத்திரையைக் காட்டினார். "இது மெஷின்ல அடிச்சது இல்ல, கைத்தையல். கொஞ்சம் பேருக்கு மட்டும்தான் தச்சிருக்காங்க. அப்ப ஆளுங்கதான் போறாங்க." பேக்கரிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஆளு போனா சாப்பாடு வேணுமே. வருஷக்கணக்கா கெடாத ரொட்டி யாராவது செய்யறாங்கன்னா எங்க ஆளுங்க காதுக்கு வராம இருக்குமா? மெஷின்தான் போகுது." டிரைவர் அண்ணன் இரண்டு பேரையும் சிரிக்க வைத்துவிடுவார். "அந்த மையத்துத் தலைவர் மூஞ்சியைப் பாருங்கய்யா. சரக்கு ஏத்தறவன் மூஞ்சியா அது? பாசஞ்சர் ஏத்தறவன் மூஞ்சி. எவன் நடுவழியில இறக்கிவிடச் சொல்வானோங்கற கவலை அப்படியே தெரியுது."

மற்ற இருவருக்கும் அது பொழுதுபோக்கு. அண்ணனுக்கு அப்படியில்லை. வேலைக்காலம் முழுக்க ஒரே ரூட்டில் ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு ஊரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். "அறிவிப்பு வரட்டும் பாப்பா, கேட்டுட்டு வந்துடறேன்" என்று ஒரு நாள் என் எதிரிலேயே போனில் சொன்னார். ஆக, அறிவிப்பு வந்தால் அவர் போய்விடுவார். எனக்கு அது அன்றே உறைத்தது.

கூட்டம் கலைந்துவிடாமல் இருக்கத்தான் நான் அந்தப் பயிற்சியை யோசித்தேன். என் வீட்டில் ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று இருக்கிறது. அதைக் கப்பலாக்கினோம். டிப்போவில் கழித்துப்போட்ட டிரைவர் சீட் ஒன்றை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். பேக்கரிக்காரர் ஒரு டப்பா ரஸ்க் கொடுத்தார். தையல்காரர் மழைக்கோட்டுத் துணியில் தலை முதல் கால்வரை ஓர் உடுப்பு தைத்தார். உள்ளே இருப்பவர் செவ்வாய், வெளியே இருப்பவர் பூமி. இருவரும் போனில் குரல் பதிவு அனுப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே போகிறவர் தன் போனை வெளியே வைத்துவிட்டு, சிம் இல்லாமல் வைஃபையில் ஓடும் என் பழைய போனைத்தான் எடுத்துப்போவார்; அதில் என் எண் மட்டும்தான் இருக்கும். செவ்வாய் தள்ளிப் போயிருக்கும் காலத்தில் ஒரு வார்த்தை அங்கே போய்ச்சேர இருபது நிமிடம்போல ஆகும். ஆகவே வந்த பதிவை இருபது நிமிடம் கழித்துத்தான் கேட்க வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே விதி அதுதான். அந்த அறைக் கதவு தாழ்ப்பாள் போட்டால்தான் மூடி நிற்கும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

தையல்காரரும் பேக்கரிக்காரரும் ஒரே தடவையில் மூச்சு முட்டுகிறது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் வாரம் தவறாமல் உள்ளே போனார். நான் வெளியே தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொள்வேன். மழையில் வண்டி நின்றபோது பயணிகள் எல்லோரும் சேர்ந்து பாடியதைச் சொல்வார். தினமும் முதல் சீட்டில் ஏறிய ஒரு பெண் ஒரு நாள் ஏறாமல் போனதையும், அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று இன்னும் நினைத்துக்கொள்வதையும் சொல்வார். எல்லாம் எனக்காக மட்டும். அந்தப் பிற்பகல்களில் இருந்ததுபோல் நான் என்றைக்குமே சந்தோஷமாக இருந்ததில்லை.

அறிவிப்பு நாளன்றும் அவர் உள்ளேதான் இருப்பேன் என்றார். "அங்க போனவன் எப்படிக் கேப்பானோ, அப்படிக் கேக்கணும் தம்பி." சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டார். அந்த உடுப்பில் பை கிடையாது. பை வேண்டாம் என்று தையல்காரரிடம் சொன்னது நானா என்று காலையில் கேட்டீர்கள். நான்தான். பை வைத்தால் வெறும் மழைக்கோட்டு மாதிரி தெரியும் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்திருக்கும்.

நாங்கள் மூவரும் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அறிவிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆள் இல்லை. ஓர் இயந்திரம்தான் போகிறது, அதுவும் இப்போதைக்கு இல்லை. தையல்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. ஜெயித்த பேக்கரிக்காரருக்கும் முகத்தில் களை இல்லை.

"சரி, இனிமே இதுக்குன்னு கூடி என்ன பண்ணப்போறோம்?" என்றார் அவர்.

"அண்ணனை வெளிய கூப்பிடுப்பா, பாவம்" என்றார் தையல்காரர்.

"நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீங்க கிளம்புங்க" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை.

நான் கதவடியில் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்பினேன். "பூமி பேசுது. ஆளுங்களைத்தான் அனுப்பறாங்கண்ணே. நீங்க சொன்னதுதான் சரி." பொய்தான். சந்தோஷத்தில் இன்னும் கொஞ்ச நாள் தங்குவார் என்று நினைத்தேன்.

அவர் விதியை மீறாதவர். உரிய நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "போதும் தம்பி. இதைக் கேக்கத்தான் உசிரைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நாளைக்கே பாப்பாகிட்ட கிளம்பிடறேன். இனிமே எனக்கு இங்க என்ன வேலை?"

அந்த வார்த்தை எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை. திறக்கலாம் என்று தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன்.

பிறகு போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. விதிப்படி அதைத் தரையில் வைத்தேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது. தட்டுவதைப் பற்றி எங்கள் விதியில் எதுவும் இல்லை. செவ்வாயிலிருந்து யாரும் பூமியின் கதவைத் தட்ட முடியாது. இருபது நிமிடம் கழித்துப் பதிவைக் கேட்டேன். "தம்பி, நெஞ்சைப் பிடிக்குது. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சட்டைப் பையில இருக்கு. விளையாட்டு போதும்பா, கதவைத் திற." சட்டை என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "பதறாதீங்கண்ணே, மூச்சை மெதுவா விடுங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்று பதில் அனுப்பிவிட்டுத் திறந்தேன். அவர் கதவோரமாகச் சரிந்து கிடந்தார்.

முதலில் வந்த உங்கள் போலீஸ்காரர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இதில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் அனுப்பிய எந்தப் பதிவையும் நான் இருபது நிமிடம் கேட்காமல் வைத்திருந்ததில்லை. ஒரு மனுஷக் குரல் கைக்குள் இருக்கும்போது என்னால் பொறுக்க முடியாது. போன் அதிர்ந்ததுமே கேட்டுவிடுவேன். பதிலை மட்டும் நேரம் பார்த்து அனுப்புவேன். அவருக்கு இது தெரியாது. அன்றும் உடனே கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் தட்டியதன் அர்த்தமும் எனக்குப் புரிந்தது. ஒற்றைத் தட்டு என்றால் வண்டியை நிறுத்து, இரட்டைத் தட்டு என்றால் போகலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஒவ்வொரு தடவையும் ஒற்றையாகத்தான் தட்டினார். அந்த நேரம் முழுக்க அவருக்கு இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் தேவைப்படவில்லை. நாளைக்குக் கிளம்புவதாக அவர் மறுபடி சொல்லவே இல்லை.

அவருடைய மகள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அப்பா தனியாகச் சாகவில்லை. கடைசித் தட்டு ஓயும்வரை, கதவின் இந்தப் பக்கத்தில் கையை வைத்தபடி, அவருக்குத் துணையாக நான் இருந்தேன்.