அக்கிலீஸ் வீட்டுக்காரி

இல்ல சார், பூட்டல. சும்மா சாத்தியிருக்கேன், அவ்வளவுதான். நீங்க பயப்படாதீங்க, நானே பயந்துக்கிட்டுத்தான் நிக்கறேன். வெளியில மைக் கட்டிக்கிட்டிருந்த ஆளு யாரும்மா நீங்கன்னாரு, சாருக்குத் தண்ணி பாட்டில் வைக்க வந்தேன்னு சொல்லிட்டு நுழைஞ்சுட்டேன். முழுப் பொய்யும் இல்ல, இந்தாங்க பாட்டில், கடையில வாங்கிட்டுத்தான் வந்தேன். குடிங்க. ஹால்ல இன்னும் பாதி நாற்காலி காலியாத்தான் கிடக்கு, அவசரமே இல்ல உங்களுக்கு.

என்னைத் தெரியாது. எங்க வீட்டுக்காரரைத் தெரியும் உங்களுக்கு. பெயிண்ட் கம்பெனி, பேக்கிங் செக்‌ஷன். போன வருஷம் அந்தக் கம்பெனி ஆளுங்களுக்கு ஒரு நாள் பூரா வகுப்பு எடுத்தீங்களே. கிரேக்க நாட்டு வீரனுங்க கதையெல்லாம் சொல்லி, நீயும் வீரன்தான், உன் வாழ்க்கையும் காவியம்தான்னு... ஆமா, ஆமா, அதேதான். ஆளாளுக்கு ஒரு வீரன் பேரு எழுதுன அட்டைய எடுத்துக் கழுத்துல மாட்டிக்கச் சொன்னீங்க. இவரு அக்கிலீஸ். ஒல்லியா, மீசை பாதி நரைச்சு, பேசும்போது கையைக் கட்டிக்கிட்டு... ம், வந்துருச்சு பாருங்க. முகத்துலயே தெரியுது.

ஏன் அக்கிலீஸை எடுத்தாருன்னு சொன்னாரா உங்ககிட்ட? சொல்லியிருக்க மாட்டாரு. ஹெர்குலிஸ் அட்டைய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவரு முதல்லயே பிடுங்கிக்கிட்டாராம். இவரு கடைசியாளாப் போயி நின்னிருக்காரு, எங்க போனாலும் கடைசியாளுதான். அக்கிலீஸுக்குக் குதிங்கால்லதான் சாவுன்னு நீங்க சொன்னதும் இவருக்குச் சிரிப்பு வந்துருச்சாம். ஏன்னா அப்பவே இவரு குதிங்கால்ல புண்ணு சார். சுகர். கம்பெனி பூட்ஸுக்குள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ விழுந்து கிடந்திருக்கு, ஒரு ஷிப்ட் பூரா அது மேலயே நின்னு டப்பா அடுக்கியிருக்காரு, தெரியவே இல்ல மனுஷனுக்கு. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டுனா ரத்தம். நான் கத்துறேன், இவரு என்னைப் பாத்து, யாரு ரத்தம் இதுங்கறாரு!

சாயந்தரம் வீட்டுக்கு வந்து அந்தக் கதைய எனக்கு அப்படியே நடிச்சே காட்டுனாரு. அக்கிலீஸோட அம்மா, புள்ளை உடம்புல எந்த ஆயுதமும் ஏறக்கூடாதுன்னு, காலைப் புடிச்சுத் தலைகீழா ஒரு மந்திர ஆத்துல முக்குனாங்களாம், புடிச்ச இடம் மட்டும் நனையலையாம். ஏங்க, கையை மாத்திப் புடிச்சு இன்னொரு முக்கு முக்கியிருக்கலாம்லன்னு கேட்டேன். உனக்கெல்லாம் காவியம் புரியாதுடின்னாரு. புரியலதான். ஆனா சார், தினம் ரெண்டு வேளை அந்தக் குதிங்காலைப் புடிச்சுக் கழுவிக் கட்டுப் போட்டவ நான். நான் புடிச்ச இடம் நனைஞ்சுதான் இருந்துச்சு.

இருங்க, யாரோ கதவைத் தட்டறாங்க. சொல்லுங்க, ஒரு அஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க. கூப்பிடணும்னா செக்யூரிட்டியக் கூப்பிடுங்க, நான் தடுக்கல. இழுத்துட்டுப் போனாலும் வாசல்லதான் நிப்பேன்... நல்லா இருப்பீங்க சார். உக்காருங்க.

உங்களைத் திட்ட வரல. திட்டணும்னுதான் பஸ் ஏறுனேன், அது வேற விஷயம். நல்லதும் நடந்துச்சு, அதைச் சொல்லாம இருந்தா என் நாக்கு அழுகிரும். அந்த வகுப்புக்கு அப்புறம் மனுஷன் ஆளே மாறிட்டாரு. விடிகாலையில எந்திரிச்சு நடந்தாரு. மாத்திரையக் கேட்டு வாங்கிப் போட்டாரு. டீக்குச் சர்க்கரை வேண்டாம்னாரு, நான் கெஞ்சி நடக்காதது அது. கம்பெனியில அதுவரைக்கும் இவருக்குப் பேரே கிடையாது சார், ஏய் பேக்கிங்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கப்புறம் அக்கிலீஸ் அண்ணேன்னு ஆயிடுச்சு. அந்த அட்டைய எங்க பீரோ கண்ணாடியில ஒட்டி வச்சிருந்தாரு. தலை சீவறப்பல்லாம் அதைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பாரு. எனக்கும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா நீங்க ஒண்ணு சொன்னீங்க. வலியோட நடக்கறவன்தான் வீரன்னு. சொன்னீங்களா இல்லையா? எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னீங்க, ஒத்துக்கறேன். கேட்டவன் யாருன்னு இருக்குல்ல சார். இவரு கட்டைப் பிரிச்சுப் போட்டுட்டுப் பூட்ஸை மாட்டிக்கிட்டு நடந்தாரு. ஒரு மாசம் போல நடந்திருப்பாரு. ஒரு நாள் வந்து, இங்க பாரு, முன்னெல்லாம் காந்தும், இப்ப வலியே இல்ல, வலிய ஜெயிச்சுட்டேன்னாரு. என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்றாரு, கண்ணுல தண்ணி. நான் மடச்சி, நானும் சந்தோசப்பட்டேன். நரம்பு செத்துட்டா வலிக்காதாம் சார். டாக்டரம்மா அப்புறம்தான் சொன்னாங்க. அந்த வியாதியே அதுதானாம், வலியத் திருடிக்கிட்டுப் போயிரும். கால் அழுகிக்கிட்டு இருந்திருக்கு, இவரு ஜெயிச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

வாடை வந்தப்பதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். பாதம் கறுத்துப் போச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல, எடுக்கலன்னா விஷம் உடம்பு பூரா ஏறிரும்னு டாக்டரம்மா பட்டுன்னு சொல்லிட்டாங்க. இவரு சிரிக்கறாரு சார். கட்டில்ல படுத்துக்கிட்டு, வேண்டாம் டாக்டர், நான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டேங்கறாரு. என்ன முடிவு? உங்க வகுப்புல பண்ண முடிவு!

ஆமா, அதேதான், அந்தக் கேள்விதான். அக்கிலீஸுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஊருல பேரு தெரியாம நெடுநாள் வாழறது, இல்லன்னா பேரோட புகழோட சீக்கிரம் போறது. உங்கள்ல யாரு எதை எடுப்பீங்க, எழுந்து நில்லுங்கன்னு கேட்டீங்க. முதல்ல எழுந்து நின்னது இவருதான். எங்கயும் கடைசியாளா நிக்கறவரு, அன்னைக்கு முதல்ல நின்னுட்டாரு. நீங்க மேடையிலேருந்து இறங்கி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டீங்க. ஹாலே எழுந்து கை தட்டுச்சு. யாரோ அதைப் போன்ல எடுத்து இவருக்கு அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பக்கத்துக் கட்டில்காரருக்கே அந்தக் கைதட்டல் மனப்பாடம்.

அது ஒரு உருவகம்னு எனக்கும் இப்பத் தெரியும் சார். எங்க பொண்ணு சொன்னா. காலேஜ் படிக்கறா. ஆனா பாருங்க, இவருக்குக் கை தட்டுனது உருவகம் இல்லல்ல? அது நெசமாத் தட்டுனாங்கல்ல? ஐம்பது வயசு வரைக்கும் ஒருத்தருமே தட்டாத ஆளுக்கு ஒரே நாள்ல ஊரே தட்டுனா, அவரு எதைத்தான் நம்புவாரு? ஒத்தக் காலோட வீட்டுல உக்காந்து உன் கையால தண்ணி வாங்கிக் குடிக்கறதுக்கு, நின்னுக்கிட்டே போயிடறேன்னாரு. அந்த வார்த்தைய எங்கிட்டச் சொன்னாரு சார். என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கறது அவ்வளவு கேவலமாப் போச்சு.

அழல. மூக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். நாலஞ்சு நாளாத் தூக்கம் இல்ல.

நான் கேக்க வந்தது வேற. அந்தக் கதைக்கு மிச்சம் இருக்கே சார், அதை ஏன் சொல்லல? ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து எம் பொண்ணுதான் போன்ல தேடிப் படிச்சுச் சொன்னா. அக்கிலீஸ் செத்துப் போனதுக்கப்புறம், இன்னொரு வீரன், கப்பல்ல அலைஞ்சவன், உயிரோடவே எமலோகத்துக்குப் போயி இவனைப் பாக்கறான். நீ இருந்தப்பவும் ராஜா, இங்கயும் ராஜா, உனக்கென்னப்பா குறைச்சல்ங்கறான். அதுக்கு அக்கிலீஸ் என்ன சொன்னான்? சொல்லுங்க, உங்களுக்குத் தெரியும்... பாத்தீங்களா, தலைய ஆட்டறீங்க. தெரிஞ்சேதான் விட்டிருக்கீங்க! சாவுக்குச் சக்கரை தடவாத, செத்தவங்களுக்கெல்லாம் ராஜாவா இருக்கறதுக்கு, கஞ்சிக்கே வழியில்லாத ஒரு ஏழை வீட்டுல கூலியாளா உயிரோட இருந்தாப் போதும்னு சொன்னான். அக்கிலீஸே சொன்னான் சார்! உங்க அட்டையில இருந்த அதே அக்கிலீஸ்!

எம் பொண்ணு படிக்கப் படிக்க நான் வாய் விட்டுச் சிரிச்சேன், வராந்தாவுல இருந்தவங்க பாத்தாங்க. அவ்வளவு பெரிய வீரன் செத்ததுக்கப்புறம் ஏங்கற வேலை, எங்க வீட்டுக்காரரு இருபத்தஞ்சு வருஷமாப் பாக்கற வேலை. கூலியாளுதானே அவரு? டப்பா அடுக்குற கூலியாளு. அதை அந்த ஹால்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா உக்காந்திருப்பாரு சார். நேரம் பத்தலையா உங்களுக்கு? சாப்பாட்டு இடைவேளை வந்துருச்சா?

மன்னிச்சுக்கங்க. குரல் ஒசந்துருச்சு.

சொன்னேன், சொல்லாம இருப்பனா. ஓடிப்போயி அவரு காதுகிட்டக் குனிஞ்சு பூராக் கதையவும் சொன்னேன். அது உம் பொண்ணு கட்டிவிட்டது, சார் அப்படிச் சொல்லவே இல்லைன்னுட்டாரு. பொண்ணு போனைக் காட்டுனா, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. டாக்டரம்மா சொன்னாங்க, இவரோட சொந்தத் தம்பி சொன்னாரு, ஒண்ணும் ஏறல. சார் வாயால வந்தா மட்டும்தான் அவருக்கு அது கதை. நேத்து ராத்திரி வரைக்கும் வேண்டாம், தொடாதீங்கன்னேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

போன் வேண்டாம் சார். பேசிப் பதிவு பண்ணித் தர்றதெல்லாம் வேண்டாம். நீங்க நேர்லதான் வரணும். அன்னைக்கு மேடையிலேருந்து இறங்கித்தானே வந்தீங்க? அதே மாதிரி கட்டில் பக்கத்துல வந்து நின்னு, தோளைப் புடிச்சு, அக்கிலீஸ், மிச்சக் கதையக் கேளுன்னு சொல்லணும். கை தட்ட ஆள் வேணும்னா நானும் எம் பொண்ணும் தட்டறோம், பக்கத்துக் கட்டில்காரரும் தட்டுவாரு. நாளைக்கு இல்ல, இன்னைக்கு. உங்க வகுப்பு முடிஞ்சதும். அஞ்சு மணிக்குள்ள வந்துட்டாப் போதும். ஆஸ்பத்திரி இங்கேருந்து பக்கம்தான், நான் வாசல்லயே காத்திருக்கேன், கூடவே கூட்டிட்டுப் போறேன்.

சம்மதிக்க வைக்கறதுக்கா? இல்ல சார்... அதுக்கு இல்ல.

நீங்க பேசிச் சம்மதிக்க வைக்கறதுக்கெல்லாம் நேரம் போயிருச்சு. ராத்திரி ஜுரம் ஏறி உளற ஆரம்பிச்சாரு. என்னையே தெரியல. விடியறதுக்குள்ள நினைவு தப்பிருச்சு. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, இப்ப அவரால சொல்ல முடியாது, நீங்கதான் சொல்லணும், யோசிக்க நேரம் இல்லம்மான்னாங்க. நான் யோசிக்கவும் இல்ல. எடுத்துருங்கன்னுட்டேன். காலையிலயே எடுத்துட்டாங்க சார். நல்லபடியா முடிஞ்சுதாம், பொழச்சுக்குவாருன்னாங்க. மயக்கம் தெளிய அஞ்சு மணி ஆகுமாம்.

கண்ணு முழிச்சதும் கீழ குனிஞ்சு பாப்பாரு. யாரு சொன்னதுன்னு கேப்பாரு. நீங்க சொன்னதா இருக்கட்டும் சார். உங்ககிட்டப் போன்ல கேட்டதாகவும், நீங்கதான் எடுக்கச் சொன்னதாகவும் நான் சொல்லிடறேன், நீங்க ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும். உங்களை மன்னிச்சுடுவாரு. என்னை மன்னிக்க மாட்டாரு, அவரைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க அடுத்த ஊருக்குப் போயிடுவீங்க. நான் அவரு கூட இருக்கணும்ல.