பூ வைத்த மெஷின்

எறாலை அதிக நேரம் வேகவிடக் கூடாது, சினேகா. நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். நேற்று நீங்கள் இரண்டாவது முறை கேட்டுப் போட்டுக்கொண்டீர்களே, அதனால் சொல்கிறேன். எங்கள் கத்திவாக்கத்தில் இப்போதெல்லாம் முன்போல எறால் கிடைப்பதில்லை. என் அண்ணன் கழிமுகத்தில் இறங்கிச் சேற்றில் கையால் தடவிப் பிடித்து வந்தது அது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து, எங்கள் சர்வர் அறையின் மூலை மெஷினில் இருந்த பழைய நிரல் கோப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதை அங்கே வைத்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். வரலட்சுமி என்று உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். யார் என்பது முடிந்துவிட்டால் ஏன் என்பதை நிதானமாகப் பேசலாம். கேட்டு முடித்தால் நீங்களே என் பக்கம் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையைப் படிக்கப்போவது எங்கள் மேனேஜர் திலீப் சார். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் எக்செல். இந்தக் கன்டெய்னர் யார்டு வாசலில் ஒரு டிரெய்லர் நுழைந்தால் ஒரு செய்தி வரும். கிரேன் ஒரு கன்டெய்னரைத் தூக்கினால் இன்னொரு செய்தி. மூடாத குழாய் மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மெஷினால் தாங்காது என்பதால் நான்கு மெஷின்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான்கிலும் ஒரே நிரல் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பழையது இருந்துவிட்டால், புது மாதிரிச் செய்தி அதன் பங்குக்கு வரும்போது, இந்தப் பெயரில் ஒரு கிளாஸ், அதாவது ஒரு பொருளின் வரையறை, எனக்குத் தெரியாது என்று எழுதிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒன்று படுத்தால் நான்கும் நிற்கும். வாசல் தடுப்பு தூக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், வெயிலில்.

இப்போது மொஹ்சின். நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பது அவருடைய நாற்காலி. வண்ணாரப்பேட்டைப் பையன். என்னைவிடப் பல வயது சின்னவர், வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர், அதை ஒருபோதும் காட்டிக்கொள்ளாதவர். அவர் வருவதற்கு முன் நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். வரலட்சுமிக்குத் தனியாகச் சாப்பிட்டுப் பழக்கம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அது பழகவே இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மொஹ்சின் வந்த முதல் நாளே டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, நகருங்கக்கா என்றார். அவ்வளவுதான். அவர் அம்மா சாபிரா செய்யும் தாள்சாவை நானும், என் எறால் தொக்கை அவரும் சாப்பிட ஆரம்பித்தோம்.

தப்பாக எதுவும் எழுதிவிடாதீர்கள். அவர் மனைவி சைமாவை எனக்கு நிக்காஹ் நாளிலிருந்தே தெரியும். நல்ல பெண். தோஹாவில் நர்ஸ் வேலை கிடைத்து முன்னால் போய்விட்டாள், போகும்போதே வயிற்றில் பிள்ளை. மொஹ்சினுக்கும் அங்கே ஒரு துறைமுகக் கம்பெனியில் வேலை அமைந்தது. ராஜினாமா கொடுத்தார். திலீப் சார் ஒரு நிபந்தனை போட்டார். அவர் எழுதிய புது நிரல் ஒரு முழு வாரம் பிழை இல்லாமல் ஓடிக் காட்டினால்தான் ரிலீவிங் லெட்டர். அது இல்லாமல் தோஹாக்காரன் எடுத்துக்கொள்ள மாட்டான். மொஹ்சின் அதை நியாயம் என்றே சொன்னார். ஓடாத வண்டியை மற்றவர் தலையில் கட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர்.

அந்த வாரத்தில்தான் ஆயுதபூஜை வந்தது. பூஜை எங்கள் யார்டில் ரவிக்குமார் அண்ணன் பொறுப்பு. சர்வர் அறைச் சாவியும் அவரிடம்தான். நான்கு மெஷினுக்கும் தனித்தனியாகச் செய்தால் செலவு என்று, நான்குக்கும் சேர்த்து மூலை மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சாத்தி, எலுமிச்சம்பழம் வைத்தார். பூஜை போட்டதைப் பூ வாடும் வரை தொடக் கூடாது என்பது அவர் கணக்கு. பாதுகாப்பு என்று சொல்லி வெளியிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழியையெல்லாம் திலீப் சார் அடைத்துவிட்டார். அதனால் புது நிரலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் போட்டதும் அண்ணன்தான். மூன்றில் போட்டார். மூலை மெஷினை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். பூ வாடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் புதுப் பூ வைத்தார். அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் வைத்தார். பூ வாடவே இல்லை.

இதில் என் தப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் பிழை தானாக வந்தது.

மொஹ்சின் திகைத்துப்போனார். அவர் லேப்டாப்பில் எல்லாம் ஒரே மெஷினுக்குள் இருப்பதால் அங்கே அழகாக ஓடும். யார்டில் போட்டால் ஒரு மணி நேரம் ஓடிப் படுத்துவிடும். மூன்று மெஷின்களையும் தானே போய் உட்கார்ந்து பார்த்தார். மூலை மெஷினிடம் மட்டும் போகவில்லை. என்னிடம் வந்து குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"அந்த மூலை மெஷின மட்டும் நான் தொடலக்கா. அண்ணன் பூஜை போட்டு வெச்சிகீறாரு. நான் போயி கைவெச்சா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா மனசு சங்கடப்படும். நீங்களே பாத்து சொல்லிடுங்கக்கா."

எத்தனை நல்ல பிள்ளை பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். பழைய நிரல் அப்படியே கிடந்தது. நெற்றியில் குங்குமத்தோடு அந்த மெஷின் என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது மொஹ்சின் இரண்டு கிளாஸ் டீ வாங்கி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். ஒன்றின் மேல் சூடு ஆறாமல் இருக்கத் தட்டு மூடியிருந்தது. அது எனக்கு.

"பாத்துட்டேம்பா. அது சுத்தமா கீது" என்றேன்.

ஒரே ஒரு வாரம்தான் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிழை தேடினோம். எனக்கு அந்த ஆபீஸில் அவ்வளவு சந்தோஷமான வாரம் வந்ததே இல்லை. பிறகு நானே ரவிக்குமார் அண்ணனிடம் போய், இனி மூலை மெஷின் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தொடுவேன் என்று சொன்னேன். அண்ணனுக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது. புது நிரலைப் போட்டேன். ஓடியது. மொஹ்சின் ரோசி ஹோட்டலில் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். திலீப் சாரின் வாரம் மறுபடி தொடங்கியது.

அந்த வாரம் முடியப்போகிற நேரத்தில் நான் செய்தது கொஞ்சம் நுட்பமானது. நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பதால் ரசிப்பீர்கள். புது நிரலை எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், மெஷினின் பொது அடுக்கில், பழையதையும் ஒரு பிரதி வைத்தேன். இப்போது கன்டெய்னர் என்ற கிளாஸ் இரண்டு இடத்திலிருந்தும் ஏறும். ஒரே தெருவில் இரண்டு ரெஜினா இருந்தால் கூப்பிட்ட ரெஜினா வராமல் மற்றவள் வருவாள் இல்லையா, அந்த மாதிரி. கன்டெய்னரைக் கன்டெய்னராக மாற்ற முடியாது என்று பிழை விழுந்தது. மொஹ்சின் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். மூலை மெஷினைப் பார்த்தீர்களா அக்கா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். இரண்டாவது முறை கேட்கவில்லை. நான் சொன்னால் அவருக்குப் போதும்.

அதற்குப் பிறகு எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. எப்போதும் அவர் வாரம் முடியும் தறுவாயில்தான். மற்ற நாட்களில் யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. டிரெய்லர் ஓட்டுகிற எத்திராஜ் ஒருநாள் வரிசையில் நின்று நின்று மயங்கி விழுந்தார். நானே தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். "இன்னாக்கா, உங்க கம்ப்யூட்டரு இன்னிக்கும் மல்லாந்துகிச்சா? பெரிய பேஜாரா பூட்சி" என்றார். ஆமாம் தம்பி, நாங்களும் போராடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன். அது பொய் இல்லை. மொஹ்சின் போராடிக்கொண்டுதான் இருந்தார்.

பிள்ளை பிறந்தது இந்த மேசையில்தான், ஒரு விதத்தில். மதியம் சாப்பாட்டு நேரம். சைமாவின் தோழி தோஹாவிலிருந்து வீடியோ காலில் காட்டினாள். மொஹ்சின் சாப்பிட்ட கையோடு இருந்ததால் போனை நான்தான் பிடித்துக்கொண்டேன். பெண் குழந்தை. ஆபீஸ் முழுக்க சர்க்கரை கொடுத்ததும் நான்தான். சைமா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். அப்போதும் என்னைப் பார்த்ததும் பேசினாள்.

"அக்கா, அவர சீக்கிரம் அனுப்பி வெச்சிடுங்கக்கா. உங்களதான் நம்பிகினு கீறேன்."

"நான் இருக்கேன்ல மா" என்றேன்.

பிள்ளை தலை நின்றதை மொஹ்சின் போனில் பார்த்தார். குப்புற விழுந்ததையும் போனில் பார்த்தார். தோஹாக் கம்பெனி இரண்டு முறை அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் எப்பவோ பைத்தியமாயிருப்பேங்கக்கா" என்றார். எனக்கு அழுகை வந்தது, சினேகா. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. உண்மையைச் சொல்லத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். வந்த அன்றே சர்வர் அறைக்குள் போய், எலுமிச்சம்பழத்தைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டு, மூலை மெஷினில் உட்கார்ந்துவிட்டீர்கள். ரவிக்குமார் அண்ணன் முகம் போன போக்கை நீங்கள் கவனிக்கவில்லை. மொஹ்சின் இத்தனை மாதம் அந்த முகத்துக்காகத்தான் பொறுத்திருந்தார். பழைய நிரல் கோப்பை நீக்கினீர்கள், ஓட ஆரம்பித்தது, தலைமை அலுவலகம் சொல்லி அவருக்கு லெட்டரும் கிடைத்தது. போன வெள்ளிக்கிழமை வேலை எதுவும் இல்லாமலே, பிள்ளையைப் பார்க்க விசிட் விசாவில் கிளம்பிவிட்டார். எறால் ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டிக் கொடுத்தேன். என் காலைத் தொட வந்தார். வேண்டாம்பா என்று தடுத்துவிட்டேன். அந்தப் பிழைகளுக்குக் காரணம் யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொன்னால் அவர் என்னைத் திட்ட மாட்டார், மனதில் வைத்துக்கொள்வார். அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் யாரையும் கட்டிப்போடவில்லை என்பதை மட்டும் அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். வாசல் திறந்துதான் இருந்தது. அவரவர் மனசாட்சிப்படி அவரவர் இருந்தார்கள்.

அவர் போன அன்று நான் மறுபடி ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். நீங்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, இங்கே உட்காரலாமா மேடம் என்று கேட்டீர்கள். தேவையில்லை, நீங்கள் என்னை விசாரிக்க வந்தவர். ஆனாலும் கேட்டீர்கள். அன்றிலிருந்து தினமும் என்னோடுதான் சாப்பிடுகிறீர்கள்.

ஒரு முழு வாரம் பிழை இல்லாமல் ஓடினால்தான் நீங்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நாளையோடு வாரம் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளுக்குப் பிறந்தநாள் என்று நேற்று சொன்னீர்கள். முதல் பிறந்தநாள் இல்லையே. போனில் பார்த்தால் முகம் நன்றாகத் தெரியும், மொஹ்சினுக்குத் தெரிந்தது.

மூலை மெஷினில் போய்த் தேடாதீர்கள், இந்த முறை அங்கே இல்லை. தேட ஆள் வேண்டுமென்றால் திலீப் சார் என்னைத்தான் அனுப்புவார், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள். அவசரப்படாமல் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நாளைக்கு என் அண்ணன் நண்டு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்குக் காரம் குறைவாக வைத்துவிடுகிறேன்.