மார்க்கெட் படுத்துக்கிச்சி

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ். குவைத்திலிருந்து வந்திருந்த ஒருவர், முன்சீட்டில் தன் மாமாவிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் மார்க்கெட் படுத்துக்கிச்சி மாமா. எனக்கு அதான் வேணும்."

"இன்னாடா சொல்ற?"

"பெங்களூர்க்காரங்க வாங்கறத நிறுத்திட்டாங்க. ரெண்டு வருசமா பிகு பண்ணிக்கினு இருந்தாரே எங்க நைனா வேல செஞ்ச பெரிய வீட்டுக்காரரு, நேத்து அவரே போன் பண்ணாரு. பாதி வெலைக்கி எடுத்துக்கோன்னாரு. திருப்பதியில அவரு வீட்லதான் வண்டி நிக்கிது."

"அந்தச் செவப்பு வண்டியா? அது ஸ்டார்ட்டே ஆவாதே. தெனம் காலைல உங்க நைனாதான தள்ளிக்கினு இருந்தாரு?"

"இருவது வருசம் தள்னாரு. ஒரு நாளும் உள்ள குந்தச் சொல்லல."

"ரெண்டே சீட்டாச்சே. நீயும் உம் பொண்டாட்டியும் குந்துனா சரியாப் பூடும்."

"ஒண்ணு டிரைவருக்கு. இன்னொண்ணு நைனாவுக்கு. அவர திருப்பதிக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்."

"அப்ப நீ?"

பஸ் ஊருக்குள் நுழைந்தது. அவர் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"அந்த வீட்டு வாசல்ல வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா நான் தள்றேன் மாமா. நைனா எறங்கக் கூடாது."